மணிவிழா மணிவிலா ஆனபோது

வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போகிற யாராவது இதைப் படித்தால் எனக்கு அதுவே போதும். அப்பாவின் மணிவிழாப் பத்திரிகையில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போனதில் கையிலிருந்த பணம் போனது. பள்ளிக்கூட நாளிலிருந்து தொடரும் ஒரு சிநேகிதம் அறுந்துபோகிற இடம் வரைக்கும் வந்து திரும்பியது. அந்த நேரத்தில் இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று சொல்ல ஆளில்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏறி இறங்க முடியாது. அச்சகம், தபால் நிலையம், கோயில் என்று நானே அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறை பக்கம் இருக்கும் குத்தாலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஒருத்தன் நீடாமங்கலம் பக்கம் விவசாயம் பார்க்கிறான், ஒருத்தன் மன்னார்குடியில் கடை வைத்திருக்கிறான், ஒருத்தி தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறாள், இன்னொருத்தி திருவாரூரில் டீச்சர். நான் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டால் அன்று சாயங்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் விளையாட்டு. ஒருநாள் நீடாமங்கலத்துக்காரன் வயலிலிருந்து, "குருவை அருவடை இன்னிக்கு ஆரம்பம்" என்று போட்டான். குறுவையும் குருவாகிவிட்டது, அறுவடையும் அருவடையாகிவிட்டது. "எந்தக் குருவைடா வடை ஆக்குற?" என்று டீச்சர் ஆரம்பித்தாள். "மெதுவடை தெரியும், மசால்வடை தெரியும், அருவடை எப்படி இருக்கும்?" என்று தஞ்சாவூர்க்காரி கேட்டாள். "நடுவுல ஓட்டை இருக்காது, என் பாக்கெட்டுலதான் ஓட்டை. மெஷின் வாடகை அப்படி" என்று அவன் பதில் போட்டான். "ஈரம் பாத்து எடு, பதினேழுக்கு மேல போனா டி.பி.சி.ல வடையைத் திருப்பி விட்டுருவாங்க" என்று மன்னார்குடிக்காரன் முடித்தான். டி.பி.சி. என்பது அரசு நெல் வாங்கும் நேரடிக் கொள்முதல் நிலையம். அங்கே நெல் போட்டவர்களுக்கு அந்தப் பதினேழு சதவீத ஈரப்பதம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. களத்துமேட்டில் நின்றபடியே அவன் சத்தமாகச் சிரித்துவிட்டானாம்.

இன்னொரு தடவை டீச்சர் பேருந்தில் போகும்போது, "நான் இப்ப திருவையாரு" என்று அடித்துவிட்டாள். "யாரு? நமக்குத் தெரிஞ்சவரா?" என்பதில் தொடங்கி, "திருவை யாருன்னு கேட்டா லெட்சுமின்னு சொல்லு" என்பது வரைக்கும் போனது. ஐந்து ஆறு ஓடுகிற ஊருக்கு ஓர் ஆறு குறைந்துவிட்டது என்று ஒருத்தன் வருத்தம் வேறு தெரிவித்தான். எனக்கு இந்த விளையாட்டு உயிர். ண ந ன, ர ற, ல ள ழ என்று எட்டே எட்டு மயங்கொலி எழுத்து. அவற்றை வைத்துக்கொண்டு இந்த மொழியில் எத்தனை வாசல் திறக்க முடிகிறது! ர, ற வித்தியாசம் பேச்சில் பெரும்பாலோருக்குக் காதில் விழாது. ழ நம்மில் பல பேருக்கு ள என்றுதான் வரும். இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் கைப்பேசி தமிழாக மாற்றிக் காட்டும் முதல் சொல்லையே தொட்டுவிட்டுப் போகிறோம். அதனால் இது எல்லோருக்கும் நேர்வதுதான். எங்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. தப்பாக அடித்தவர்தான் கடைசிப் பதிலைப் போடவேண்டும். அதோடு விளையாட்டு முடிந்தது, யாரும் அடுத்த நாளைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகமாட்டோம்.

சரி, பத்திரிகைக்கு வருகிறேன். அப்பா ஆற்றுப் பாசனப் பிரிவில் லஸ்கராக, அதாவது மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்கிறவராக வேலை பார்த்தவர். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்றால் தண்ணீர் கல்லணைக்கு வந்து வாய்க்காலில் இறங்குவதற்குள் ஷட்டருக்குக் கிரீஸ் தடவி, கரையில் உடைப்பு இருக்கிறதா என்று நடந்தே பார்த்துவிட்டு வருவார். மதகுக் கட்டையில் சட்டையில்லாமல் துண்டோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவைத்தான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் வயிற்றில் ஒரு ஆபரேஷன். உடம்பு பாதியாகிவிட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்டதால் நெருங்கிய சொந்தம் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் திண்ணையில் உட்கார்ந்தால்கூடச் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். அறுபது நிறைந்ததும் திருக்கடையூரில் அபிராமி சந்நிதியில் மணிவிழா செய்துவிடவேண்டும் என்று அம்மா ஆபரேஷன் வார்டு வாசலிலேயே வேண்டிக்கொண்டிருந்தாள். எமனை உதைத்த சாமி இருக்கும் கோயில். அறுபதுக்கும், எழுபதில் பீமரத சாந்திக்கும், எண்பதில் சதாபிஷேகத்துக்கும் ஊரூராக வருகிறார்களே, எதற்காக வருகிறார்கள் என்பது எனக்கு அந்த வருடம்தான் புரிந்தது. அந்தப் பத்திரிகையை அவ்வளவு ஆசையோடு அடிக்கக் கொடுத்தோம்.

வாசகத்தை அப்பாவே கைப்பட எழுதினார். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியவர், அதனால் லை, னை எல்லாம் இன்னும் மேலே சுழித்த பழைய வடிவத்தில்தான் எழுதுவார். அச்சகத்தில் இருக்கும் இளம் பிள்ளைகளுக்கு அது படிக்க வராது என்று நான் அதைக் கைப்பேசியில் அடித்து, டீச்சரிடம் காட்டித் திருத்தம் பார்த்து, அச்சகத்துக்கு அனுப்பினேன். அனுப்பியது சரியாகத்தான் இருந்தது. அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். ஆனால் நம் ஊர்ப் பக்கம் பல அச்சகங்களில் பக்கம் வடிவமைக்க இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள்தான். கைப்பேசியில் நாம் அடிக்கும் யூனிகோடு தமிழ் அதில் வராது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் டி.டி.பி. ஆபரேட்டர் முதலிலிருந்து திரும்ப அடிப்பார். நாம் எவ்வளவு சரியாக அனுப்பினாலும் பிழை புகுவது அங்கேதான். பாமினி விசைப்பலகையில் லவும் ழவும் பக்கத்துப் பக்கத்து விசைகூட இல்லை. விரல் தவறி விழுந்திருக்க முடியாது, மனசுக்குள் சொல்லிப் பார்த்த ஓசைப்படி அடித்திருக்கவேண்டும். யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. "திரும்ப அடிக்காதீங்க, மாத்திப் போடுங்க" என்று முதல் நாளே கேளுங்கள். மாற்றிய பிறகும் ஒருமுறை படிக்கவேண்டும்தான், ஆனால் பாதி ஆபத்து அங்கேயே குறைந்துவிடும்.

அச்சடிப்பதற்கு முன்னால் சரிபார்க்கத் தரும் மாதிரித் தாளைப் புரூஃப் என்பார்கள். முதல் புரூஃபில் தலைப்பு "மணிவிலா" என்று இருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் பெரிதாக ழ எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது புரூஃபில் எல்லாம் சரி. அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன், ஒரு நகலையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். 400 பத்திரிகை. சிவகாசியிலிருந்து வரும் வெற்று அட்டை ஒன்று 16 ரூபாய், ஆக 6,400. அச்சுக் கூலி தனி. சாயங்காலம் கட்டு வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு உடனே தபாலில் போடச் சொல்லி அச்சகப் பையனிடமே உறையும் விலாசமும் கொடுத்திருந்தேன், அதுவும் அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் நல்ல நேரத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அம்மா முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். பூசை முடிந்து, பூசாரி தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததை மாமா வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். "மணி..." என்று சொல்லி நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தங்க எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஏம்மா, இது விலான்னுல்ல போட்டிருக்கு?" என்று என்னைப் பார்த்தார். அம்மா முகம் போன போக்கை என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. "சாமி முன்னாடி வச்சாச்சே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அபசகுனம் அது இது என்று யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் பூசாரிதான், "ஆத்தாவுக்கு எழுத்தா முக்கியம்? புதுசு அடிச்சு இன்னொண்ணு கொண்டாந்து வைங்க, அவ்வளவுதான்" என்றார். அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன்.

அச்சகத்தில் கேட்டால், திருத்திய ஃபைல் ஒன்று, திருத்தாத ஃபைல் ஒன்று, இரண்டும் ஒரே பெயரில் இரண்டு கணினியில் இருந்திருக்கின்றன. அச்சு இயந்திரத்தில் மாட்டும் தகடான பிளேட் போட எடுத்துப்போனது பழையது. முதலாளி ஆரம்பத்தில், "படிச்சுப் பாத்துத்தானம்மா ஓகே சொன்னீங்க" என்றார். எனக்கு அழுகை தொண்டைவரை வந்துவிட்டது. பையிலிருந்த இரண்டாவது புரூஃபை எடுத்து மேசையில் வைத்தேன். தேதி, கையெழுத்து, சரியான ழ. அதற்கப்புறம் பேச்சு மாறியது. மறு அச்சுக் கூலி இல்லை, அட்டை விலையில் பாதி அவர், பாதி நாங்கள் என்று முடிந்தது. எங்கள் பங்கு 3,200. அந்த ஒரு தாள் என்னிடம் இல்லாமல் போயிருந்தால் முழுப் பணமும் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். புரூஃபின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் புரூஃப் வந்தால் "சரி" என்று மட்டும் பதில் போடாமல், அந்தப் படத்தையே குறிப்பிட்டு, இதன்படி அச்சடிக்கவும் என்று எழுதுங்கள். இன்னொன்று, இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அச்சு ஓடத் தொடங்கும்போது முதல் தாளைப் பார்க்காமல் மொத்தத்தையும் ஓட்ட விடாதீர்கள். புரூஃப் சரியாக இருப்பதால் பிளேட்டும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. நேரில் போக முடியாவிட்டால் முதல் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.

பிழைத்திருத்தம் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. வாசகத்தை எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது, மனசில் இருப்பதையே படித்துக்கொண்டு போவார். அதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லவேண்டும். கடைசி வரியிலிருந்து மேலே ஒவ்வொரு சொல்லாக வருவதும் நல்லது. ல ள ழவுக்கு ஒரு சுற்று, ர றவுக்கு ஒரு சுற்று, ண னவுக்கு ஒரு சுற்று என்று தனித்தனியாகப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள், அதனால் அதை முதலில் பாருங்கள். சஷ்டியப்தபூர்த்தி மாதிரி நீளமான சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் படிக்கவேண்டும். தேதிக்குக் கிழமை பொருந்துகிறதா, தமிழ்த் தேதியும் இங்கிலீஷ் தேதியும் ஒரே நாளா என்று காலண்டரைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். தொலைபேசி எண்ணைப் படித்தால் போதாது, பத்திரிகையில் இருப்பதைப் பார்த்து ஒருமுறை அடித்துப் பாருங்கள். மாவட்டத்தின் பெயரும் முக்கியம். மயிலாடுதுறை 2020ல் தனி மாவட்டமாகிவிட்டது, இன்னமும் பழைய ஃபைலை எடுத்து நாகப்பட்டினம் மாவட்டம் என்று போட்டுவிடுகிறார்கள்.

மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார்கள். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு எண்ணோ நேரமோ தப்பு என்றால் ஸ்டிக்கர் போதும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். தலைப்பில், அதுவும் பளபளக்கும் அட்டையில் தங்க எழுத்துக்கு மேல் ஒட்டினால் அது ஒட்டு என்று தூரத்திலேயே தெரியும். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் மனசு வரவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்கும் அச்சகத்து ஃபைலே போயிருந்தது, எட்டுக்கு ஆறு, 720 ரூபாய். அதுவும் வீண். ஒரு இடத்தில் பிழை தெரிந்தால் அந்த ஃபைல் வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று உடனே யோசியுங்கள். தபால் மறுபடியும் போட்டதில் 1,500 சொச்சம், கடையில் லீவு போட்டதில் சம்பளப் பிடித்தம், ஆட்டோ, பஸ் என்று எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 8,000 ரூபாய் போயிற்று. எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

புதுப் பத்திரிகையைக் குருக்களிடம் கொடுக்கத் திருக்கடையூர் போயிருந்தபோது பேருந்துப் பலகையில் தரங்கம்பாடி என்று பார்த்தேன். அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். 1713லேயே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தில் தமிழ் எழுத்து அச்சேறிய ஊர் அது. ஈயத்தில் வார்த்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கோத்தவர்கள் லவுக்கும் ழவுக்கும் எவ்வளவு கவனமாக இருந்திருக்கவேண்டும் என்று அந்த வெயிலில் நின்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில்தான் குழுவில் அது ஆரம்பித்தது. தபாலில் போன பழைய பத்திரிகை மன்னார்குடிக்காரனுக்குக் கிடைத்துவிட்டது. தலைப்பைப் படமெடுத்துப் போட்டு, "அறுபதாம் விலாவா? மனுஷனுக்கு மொத்தம் எத்தனை விலா?" என்று கேட்டான். "இருபத்து நாலு. பன்னண்டு ஜோடி. நான் தினம் படம் எடுக்கறேன், எனக்குத் தெரியாதா" என்று தஞ்சாவூர்க்காரி போட்டாள். "விலாசம் மட்டும் சரியா இருக்கு" என்றான் ஒருத்தன். "பந்தியில விலாங்கு மீன் உண்டா?" என்று இன்னொருத்தன். "கோயில் பந்தியில மீனா, விலகிப் போ" என்று டீச்சர். "என்ன நடந்துச்சுன்னு விலாவாரியா சொல்லு" என்று என்னைக் கேட்டார்கள். அச்சக வாசலில் நின்றுகொண்டிருந்தவள் அதைப் படித்துவிட்டு உண்மையிலேயே விலா நோகச் சிரித்தேன். அத்தனை நாள் இறுக்கத்துக்கு அது மருந்தாக இருந்தது. "விலை குடுத்து வாங்கின விலா, பத்திரமா வச்சுக்கங்க" என்று எங்கள் வழக்கப்படி கடைசிப் பதிலை நானே போட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பத்திரிகையில் இருந்த அப்பா படத்தின் தலையை வெட்டி, இணையத்தில் கிடைத்த ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் மேல் ஒட்டி, "அறுபது விலா ஐயா" என்று எழுதி ஒரு படம் மறுநாள் ராத்திரி வந்தது. போட்டது மன்னார்குடிக்காரன். இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் நெருக்கமானவன் அவன்தான். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. எக்ஸ்ரே எடுக்கும் தோழி மட்டும் தனியாக, "எனக்கு இது பிடிக்கல, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் இன்றும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன். நான் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படம் எங்கள் பள்ளியில் படித்த ஒரு சித்தப்பா மகன் வழியாகச் சொந்தக்காரர்கள் குழுவுக்குப் போய்விட்டது. காலையில் அப்பா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "யாரும்மா இது பண்ணினது? நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் அவர் அந்தப் பொத்தானைப் போட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதி ஆற்ற முடியாது. குழுவில் நீளமாக அடித்தேன், அவன் கடையில் வியாபாரம் எப்படி, அவன் வீட்டில் யார் எப்படி என்றெல்லாம். அடித்ததை அனுப்பாமல் அழித்தேன். அழித்தது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் அத்தனை பேர் முன்னால் கேட்டிருந்தால் அவனும் அத்தனை பேர் முன்னால்தான் பதில் சொல்லியிருப்பான். போன் போட்டேன். இரண்டே வாக்கியம்தான் சொன்னேன். "வார்த்தையை வச்சு எவ்வளவு வேணா விளையாடு, நானும் கூட விளையாடறேன். அப்பா உடம்பை வச்சு விளையாடாதே, அவருக்கு ஆபரேஷன் ஆகி உடம்பு உருகிக் கிடக்கு." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்குத் தெரியாதுப்பா" என்றான். குரல் உடைந்திருந்தது. தெரியாமல் செய்தான் என்பதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். இந்த மாதிரி நிலை உங்களுக்கு வந்தால் எழுத்தில் வேண்டாம், பேசுங்கள். நீ இப்படிப்பட்டவன் என்று ஆளைப் பற்றி ஆரம்பிக்காமல், எந்த இடத்தில் வலித்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். நாள் போனால் அது மனசுக்குள் வேறு உருவம் எடுத்துவிடும், படமும் பல கை தாண்டிவிடும்.

குழுவில் போட்ட படத்தை நீக்குவதிலும் சில விஷயம் தெரிந்திருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் அதை எல்லோருக்கும் அழிக்க சுமார் இரண்டரை நாள்தான் அவகாசம், அதற்கு மேல் தன் கைப்பேசியில் மட்டும்தான் அழிக்க முடியும். குழுவின் அட்மின் மற்றவர்கள் போட்டதையும் அழிக்கலாம், அதனால் அட்மின் யார் என்று பார்த்து அவரிடம் உடனே சொல்லுங்கள். ஆனால் ஒருவர் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் அது தனிப் பிரதி, மூலத்தை அழித்தாலும் அது அங்கே கிடக்கும். அனுப்பிய ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கத்தான் வேண்டும். மன்னார்குடிக்காரன் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று விசாரித்து ஒவ்வொருவருக்கும் அவனே போன் செய்தான். சொந்தக்காரர்கள் குழுவில் போட்ட சித்தப்பா மகனிடம் நான் பேசினேன், அவன் பேச்சை வளர்க்காமல் எடுத்துவிட்டான். எழுத்துப்பிழை மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் அந்தச் செய்தியையே திருத்திக்கொள்ளலாம், அழிக்கக்கூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மன்னார்குடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, தெரியாம பண்ணிட்டேன்" என்றான். அப்பா அவனை உட்காரச் சொல்லி, அம்மாவைக் காபி போடச் சொன்னார். பிறகு அவராக ஒரு கதை எடுத்தார். எங்களுக்கே தெரியாத கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐப்பசி மழையில், மேலேயிருந்து ஒரு சீட்டு வந்ததாம். "மதகை உடைக்கவும்" என்று எழுதியிருந்ததாம். அடைக்கவும் என்பதில் ஒரு எழுத்து மாறிப்போயிருக்கிறது. "கையில கடப்பாறையோட ரெண்டு பேரு ரெடியா நிக்கறானுக. நான் தண்ணி வர்ற வேகத்தப் பாத்துட்டு அடைச்சுட்டேன். மறுநா அதிகாரி வந்து, சீட்டுல இருந்தபடி செஞ்சியான்னு கேட்டாரு. உடைக்கலீங்க, அடைச்சேன்னேன். சீட்டை வாங்கிப் பாத்தவரு மதகுக் கட்டையிலேயே உக்காந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மன்னார்குடிக்காரன், "நல்லவேளை மாமா, நீங்க உடைச்சிருந்தா எங்க ஊருக்குத் தண்ணி விலாசம் தேடிக்கிட்டு வந்திருக்கும்" என்றான். அப்பா இன்னும் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொத்தான் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று நான் கவனிக்கவே இல்லை.

திருக்கடையூரில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. கலசத் தண்ணீர் ஊற்றும்போது அப்பா மேல் துண்டு இல்லாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நண்பர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், குடம் தூக்கிக் கொடுத்தது மன்னார்குடிக்காரன். குழுவில் இப்போது டீச்சர் இரண்டு வரி எழுதி மேலே நிறுத்தி வைத்திருக்கிறாள். வீட்டு ஆட்களின் படத்தை விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது, விளையாட்டு குழுவை விட்டு வெளியே போகக் கூடாது. சொல் விளையாட்டு நிற்கவில்லை. போன வாரம்கூட ஒருத்தன் "கொல்லிடம்" என்று அடித்துவிட்டு, கொள்ளிடத்துக்காரர்கள் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மன்னார்குடிக்காரன் மகளுக்குக் காது குத்து வைத்திருக்கிறான். புரூஃப் வந்ததும் முதலில் எனக்குத்தான் அனுப்பினான். காதணி காதனி என்று இருந்தது, தேதி ஒரு கிழமையிலும் காலண்டர் இன்னொரு கிழமையிலும் நின்றன. இரண்டையும் வட்டம் போட்டு அனுப்பினேன். அச்சடிக்கும் அன்று அவன் கடையை மூடிவிட்டு அச்சகத்துக்கே போய் உட்கார்ந்து, முதல் தாளைப் படமெடுத்து அனுப்பினான். டீச்சரும் நானும் போனிலேயே கடைசி வரியிலிருந்து மேலே சத்தமாக வாசித்துப் பார்த்து, ஓட்டச் சொன்னோம்.